லீவு கேட்டு வந்த சிப்பாய்

அந்த முகாமில் எத்தனையோ தளபதிகள் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆபீஸ் நடைவழியில் அவர்களுடைய படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பித்தளைத் தகட்டில் பெயரும் பதவியும் பொறித்திருந்தது. ஆனாலும் சிப்பாய்கள் வாயில் அந்தப் பெயர்கள் வந்ததே இல்லை. பட்டாளத்தில் பட்டப்பெயர்தான் நிலைக்கும்.

முதல் தளபதி 'கட்டினவர்'. வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் மதிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் எழுப்பியது அவர்தான். அடுத்து வந்தவர் 'சுண்ணாம்பு'. கல், மரம், வாய்க்கால் ஓரம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வெள்ளையடிக்க வைத்தவர். அவர் வருகிற வழியில் அசையாமல் நின்றால் நமக்கும் ஒரு கோட்டிங் விழும் என்று சிப்பாய்கள் சிரிப்பார்களாம். பிறகு ஒரு 'பாட்டுக்காரர்'. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே தொண்டை கிழியப் பாடுவார். அவருக்குப் பின்னால் வந்தவர் 'பூட்டு'. பகலிலேயே எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் குலுங்கவிட்டுத் திரிந்தவர். நடுவில் வந்த மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது ஆளை அடையாளம் தெரியாமல் படுக்கையில் கிடந்தார்கள்.

கடைசித் தளபதி ஒரு பெண். அவள் சுண்ணாம்பின் மகள்.

அவளுக்கு அந்த முகாமுக்கு உத்தரவு வந்தபோது அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு, "அந்தப் போஸ்டிங் வேண்டாம்னு சொல்லிடு," என்றார்.

"ஏம்ப்பா?"

"காரணம் சொன்னாத்தான் கேப்பியா?"

அவர் காரணம் சொல்லவில்லை. அவளும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அம்மா போனபிறகு அவர் மகளோடுதான் இருந்தார். ஆகவே அவளோடு அந்தப் பழைய தளபதி பங்களாவுக்கே திரும்பி வந்து சேர்ந்தார். காலையிலும் மாலையிலும் தடியை ஊன்றிக்கொண்டு முகாமைச் சுற்றி நடப்பார். பரேடு மைதானத்துப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அதை அவள் முதலில் கவனிக்கவில்லை.

அவன் முதல்முறை வந்தது அவள் பொறுப்பேற்ற வாரத்திலேயே. கோடைக்காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்து முகாமே கிறங்கிக் கிடக்கிற நேரம். வாசலில் பூட்ஸ் காலைத் தட்டும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். ஒரு சிப்பாய் சல்யூட் அடித்து நின்றான். இருபது வயது இருந்தால் அதிகம். தொப்பி பழைய மாதிரித் தொப்பி. முழங்காலில் ஈரமண் அப்பியிருந்தது. வெகுதூரம் ஓடிவந்தவனைப் போல மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான்.

"ஐயா, லீவு வேணும்."

பெண்ணைப் பார்த்து ஐயா என்கிறானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எத்தனை நாள்?"

"ரெண்டு நாள் போதும்யா. வீட்டுக்குப் போயிட்டு வந்திடுறேன். தங்கச்சி எதிர்பாத்துக்கிட்டிருப்பா."

"உன் சார்ஜென்ட்கிட்ட கேட்டியா?"

"கேட்டேங்கய்யா. தளபதியைப் பாக்கச் சொன்னார்."

அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் குவிந்து கிடந்தன. "நாளைக்கு வா, பாக்கலாம்," என்றாள். அவன் மறுபடி சல்யூட் அடித்தான். எந்தப் பிரிவு என்று கேட்க மறந்தது உறைத்து அவள் எழுந்து வாசலுக்கு வந்தபோது நடைவழியில் ஆளில்லை. வெளி மேஜையில் கணக்கர் உட்கார்ந்திருந்தார்.

"இப்போ போன பையன் எந்தப் பிரிவு?"

"யாரும் வரலையே மேடம். நான் இங்கயேதான் இருக்கேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் நின்ற இடத்தில் ஈரமண் கட்டிகள் உதிர்ந்து கிடந்தன. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தான். அதே சல்யூட், அதே பேச்சு. இந்தமுறை அவள் தாளைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். காதுக்குள் மண். இமை மயிரில் மண். பேசும்போது பல்லிடுக்கில் மண். அப்படியும் "நாளைக்கு வா," என்ற வார்த்தைதான் வாயில் வந்தது. வேறு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வந்தானென்று இல்லை. சில வாரம் வரவே மாட்டான். இனி வரமாட்டான்போல என்று அவள் மூச்சுவிடும்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த முகாமுக்கு முதல்முறையாக வந்த பெண் தளபதி, மத்தியானத்தில் பேயைப் பார்த்தேன் என்று சொன்னால் என்ன பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? ஒருநாள் டீ குடிக்கும்போது அப்பாவிடம் பேச்சை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, உங்க காலத்துல இங்க ஏதாச்சும்..."

"என்ன ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லை."

"வெயில்ல அலையாதே," என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் முகாமை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆட்களை வேறு வேறு இடங்களுக்கு அனுப்பியாயிற்று. ஆயுதக்கிடங்கு காலி. மெஸ்ஸில் பாதி நாற்காலிகளை லாரியில் ஏற்றியாயிற்று. கடைசியாக ஒரு மரியாதைக்கு, உயிரோடு நடமாடுகிற பழைய தளபதிகளைக் கூப்பிட்டு ஒருவேளைச் சாப்பாடு போடலாம் என்று அவள் நினைத்தாள். அப்பாவைச் சேர்த்தால் மூன்று பேர்தான் தேறினார்கள். பாட்டுக்காரர் கைத்தாங்கலாக வந்து இறங்கினார், தொண்டை கட்டியிருந்தது. பூட்டு விறைப்பாகத்தான் நடந்தார், ஆனால் மெஸ்ஸுக்குள் நுழையும்போது கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை.

சாப்பாடு நன்றாகத்தான் நடந்தது. பாட்டுக்காரர் பழைய கதைகளைச் சொன்னார். ஒரு பெரிய அதிகாரி வந்த அன்று பேண்டு வாத்தியக்காரனுக்கு விக்கல் எடுத்த கதையைச் சொன்னபோது பூட்டுகூடச் சிரித்தார். பழம் வந்தது. வெளியே வெயில் மைதானத்தின்மேல் தகதகத்தது. பாட்டுக்காரர் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உப்பு எங்கே என்று கேட்பதைப்போலச் சாதாரணமாகக் கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பையன் இன்னும் லீவு கேட்டு வர்றானா?"

பூட்டின் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது.

"வர்றான்," என்றாள்.

"உங்ககிட்டயுமா?" என்றார் பூட்டு. அவர் முகம் பேயறைந்ததைப்போல ஆகிவிட்டது. "நான் எனக்கு மட்டும்தான்னு... புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்லை."

அவர் கதவுகளுக்குப் பூட்டுப் போட்டது திருட்டுக்குப் பயந்து அல்ல. அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாராம். கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினால் மேஜைக்கு முன்னால் நிற்பானாம். பாட்டுக்காரர் பாடியதும் அதற்குத்தான். பூட்ஸ் சத்தம் காதில் விழாமல் இருப்பதற்கு.

"ஆனா நான் ஒருநாள் லீவு குடுத்துட்டேன்," என்றார் பாட்டுக்காரர். "எத்தனை நாளைக்குத்தான் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்றது? போயிட்டு வாடான்னேன். அவன் மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க. அப்படி ஒரு சிரிப்பு. விழுந்தடிச்சு ஓடினான். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்து நின்னான். என்னடான்னேன். 'ஐயா, வீட்ல கதவைத் திறக்கலை'ன்னான்." பாட்டுக்காரர் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் மறுபடியும் லீவு வேணும்னு ஆரம்பிச்சுட்டான். எனக்கு அடுத்த தடவை குடுக்கத் தைரியம் வரலை."

இத்தனை பேச்சிலும் அவளுடைய அப்பா தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். பங்களாவில் இல்லை. கேட் பக்கமும் இல்லை. கடைசியில் பார்த்தால் பரேடு மைதானத்தில், மண்டை பிளக்கிற வெயிலில், கொடிக்கம்பத்து மேடைக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, உள்ள வாங்க. மயக்கம் போட்டுடப் போகுது."

அவர் தடியால் மேடையைத் தட்டினார்.

"இங்கதான் இருக்கான்," என்றார்.

அவள் வெள்ளையடித்த மேடையைக் குனிந்து பார்த்தாள்.

அவர் கோர்வையாகச் சொல்லவில்லை, விட்டுவிட்டுத்தான் சொன்னார். முகாம் திறப்புவிழாவுக்கு மிகப் பெரிய ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் மைதானத்து ஓரம் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியாக வேண்டும். மழை வேறு. குழியின் பக்கச் சுவர் சரியாமலிருக்கப் பலகை கொடுக்க நேரமில்லை என்று கட்டினவர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். லீவுக்கு நச்சரித்துக்கொண்டிருந்த ஒரு பையனை மட்டும், குழியை முடித்துவிட்டு வந்தால் தளபதியிடம் கேட்கலாம் என்று சார்ஜென்ட் நிறுத்திவைத்தார்.

"சாப்பிட்டு வந்து பாத்தா குழி இல்லையாம். மண்ணு மூடிப்போச்சு. தோண்டினா விழா நின்னுடும், விசாரணை வரும். கட்டினவர் அப்படியே சமப்படுத்தி மேடை கட்டச் சொல்லிட்டார். அது மேல கொடி ஏத்தினாங்க. பையன் ஓடிட்டான்னு எழுதி முடிச்சாச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வந்த முதல் மாசமே அந்த சார்ஜென்ட் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

"அப்பவே தோண்டியிருக்கலாமே, அப்பா?"

"தோண்டியிருக்கலாம். கட்டினவர் அதுக்குள்ள எனக்கே மேலதிகாரி ஆயிட்டார். நீ கைக்குழந்தை." அவர் நிறுத்தினார். "இதெல்லாம் சொல்லிக்கலாம். பயந்துட்டேன், அவ்வளவுதான். மழை பெஞ்சா இந்த இடம் உள்வாங்கும். காங்கிரீட் போட்டேன். அதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சேன். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் அடிச்சா கண்ணை உறுத்தும்னுதான் எல்லா இடத்துக்கும் அடிச்சேன்."

"உங்ககிட்டயும் வந்தானா?"

"வந்தான். நாளைக்கு வான்னு முதல்ல சொன்னவனே நான்தான்." அவர் தடியைக் கை மாற்றிக்கொண்டார். "அவங்கம்மாவும் வந்தாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு கேட்ல நின்னாங்க. உங்க பையன் ஓடிப்போயிட்டான், வந்தா கொண்டாந்து ஒப்படைச்சிடுங்கன்னு சொல்லி அனுப்பினேன். இந்த வாயாலதான்."

சின்ன வயதில் அவளுக்கு நேராக நிற்கக் கற்றுக்கொடுத்தது இந்த மனுஷன்தான். நெஞ்சை நிமிர்த்து, யாருக்கும் பயப்படாதே என்று தாடையைப் பிடித்து உயர்த்தியது இந்தக் கைதான். அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, நிழலுக்குக் கூட்டிப் போக வேண்டும்போலவும் இருந்தது. கடைசியில் கையைப் பிடித்து நிழலுக்குத்தான் கூட்டிப் போனாள்.

அன்று சாயங்காலமே தலைமையகத்துக்கு போன் போட்டாள். மைதானத்தில் ஒரு பழைய விஷயம் இருக்கிறது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்றாள். மேலதிகாரிக்கு எரிச்சல்.

"ஒப்படைக்கப் போற இடத்துல எதுக்கும்மா இப்போ போய்க் கிளறிக்கிட்டு? என்ன ஆதாரம் இருக்கு?"

இருக்கிற ஆதாரத்தைச் சொன்னால் அவளை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். ஒரு நிமிடம் யோசித்தாள்.

"கொடிக்கம்பத்தைக் கழட்டணும் சார். மேடையோட, அடியோட எடுத்துடலாம்னு பாக்கிறேன்."

"அதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா? எடுங்க," என்று போனை வைத்துவிட்டார்.

பாட்டுக்காரரும் பூட்டும் அன்று ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த சிப்பாய்கள் முதலில் கம்பத்தை இறக்கினார்கள். பிறகு துளைபோடும் எந்திரத்தால் காங்கிரீட்டை உடைத்தார்கள். பழைய வெள்ளை, அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. ஒருவன், "உள்ளே புதையல் ஏதும் இருந்தா ஆளுக்குப் பாதி மேடம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

மத்தியானம் நெருங்கும்போது மண்ணின் நிறம் மாறியது. மேலே எல்லாம் காய்ந்து பொடிந்துகொண்டிருக்க, அந்த ஆழத்தில் மண் ஈரமாக இருந்தது, நேற்று மழை பெய்ததைப்போல. ஒரு மண்வெட்டிக் காம்பு தெரிந்தது. பிறகு ஒரு பூட்ஸ்.

"நிறுத்துங்க," என்றாள். "இனிமே கையால."

யாரும் எதிர்பாராத நேரத்தில் அவளுடைய அப்பா குழிக்குள் இறங்கினார். தடியைப் போட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளி ஒதுக்கினார். எண்பதைத் தாண்டிய மனுஷன். வேண்டாம் சார், நாங்க பாத்துக்கிறோம் என்று ஒரு சிப்பாய் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. எலும்பும் பெல்ட்டும் மட்கிய துணியுமாக ஓர் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். ஒரு கை தலைக்குமேல் நீட்டியபடி இருந்தது.

எல்லோரும் குழியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அவள் நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கம் குனிந்திருந்த தலைகளுக்கு நடுவில் ஒரு பழைய மாதிரித் தொப்பி தெரிந்தது. அவன் குழியைப் பார்க்கவில்லை. அதில் கிடப்பது யாரோ எவரோ என்பதைப்போல, தளபதிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றான். பாட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பற்றினார். அவருக்கும் தெரிகிறது. பூட்டுக்கும் தெரிந்தது, அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

நாளைக்கு வா என்ற பழைய வார்த்தை அவள் நுனிநாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "இந்தத் தடவை நாங்களும் கூட வர்றோம்," என்றாள்.

குழியில் கிடப்பவனிடம் மேடம் பேசுகிறார் என்று சிப்பாய்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்தான்.

வீடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் ஒருமுறை சாதாரண உடையில் பஸ் ஏறிப் போய்த் தெருமுனை வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். உள்ளே போகக் கால் வரவில்லை என்றார். எலும்புகளை எடுத்துவைத்த பெட்டிக்குக் காவலாகப் பூட்டு முகாமிலேயே இருந்துகொண்டார். "ஒருத்தனாவது கூட இருக்கணும்," என்றார். மற்ற மூவரும் ஜீப்பில் கிளம்பினார்கள்.

குறுகலான தெரு. வரிசையாக ஒரே மாதிரி ஓட்டுவீடுகள். கடைசி வீட்டு வாசலில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அறுபதுக்கு உள்ளேதான் வயது இருக்கும். தெருவில் அவரை வேன்காரம்மா என்பார்கள். பட்டாளத்து ஜீப்பையும் சீருடையையும் பார்த்ததும் குழாயை மூடினார்.

"இன்னுமா தேடுறீங்க?" என்றார்.

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "இல்லைம்மா. கிடைச்சிட்டார்."

"எங்க?"

"எங்ககிட்டயேதான் இருந்தார். ஓடிப்போகலை. ஒருநாளும் ஓடிப்போகலை."

நடந்ததை எல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை வேன்காரம்மா துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். தண்ணீர் சொட்டுவது நின்றபிறகும் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு வேனின் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"ராணுவப் போலீஸ் மாறி மாறி வரும். அரிசிப் பானையைக்கூடக் கவுத்துப் பாக்கும். அதனால எங்கம்மா எப்பவும் கதவைத் தாழ் போட்டுத்தான் வச்சிருக்கும். நான் வேலைக்குப் போக ஆரம்பிச்ச வருஷம், ஒருநாள் மத்தியானம் யாரோ கதவைத் தட்டினாங்க. அம்மா, அம்மான்னு கூப்பிட்டாங்க. அண்ணன் குரல். எனக்குத் தெரியாதா? நான் ஓடினேன். எங்கம்மா என் வாயைப் பொத்தி இழுத்து வச்சுக்கிச்சு. தாழ்ப்பாள் மேல கையை வச்சுக்கிட்டு, கதவுக்கு இந்தப் பக்கமா நின்னு சொல்லுச்சு, 'வராதடா ராசா, பிடிச்சுக்குவானுங்க, ஓடிப் போயிடு, எங்கயாச்சும் நல்லா இரு'ன்னு. ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. திறந்து பாத்தா ஆளில்லை. வாசல் பூரா ஈரமண்ணு."

பாட்டுக்காரர் தெரு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தாம்மா அனுப்பினேன்," என்றார். வேன்காரம்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, ஒன்றும் கேட்கவில்லை.

"எம் புள்ளை தப்பிச்சுட்டான், எங்கயோ நல்லாருக்கான்னு சொல்லிக்கிட்டேதான் எங்கம்மா கண்ணை மூடுச்சு. நீங்க எங்களுக்குப் பண்ணினதுல நல்லதுன்னா அது ஒண்ணுதான்." அவர் பார்வை மெதுவாகத் திரும்பி, தடியை ஊன்றி நின்ற கிழவரிடம் வந்து நின்றது. "நீங்கதானே அன்னைக்கு கேட்ல நின்னவரு?"

"ஆமாம்மா."

"எங்கம்மா குடிக்கத் தண்ணி கேட்டுச்சு. குடுக்கலை நீங்க."

"ஞாபகம் இருக்கு," என்றார் அப்பா. மன்னிப்புக் கேட்பதற்கு அவர் ஏதோ வார்த்தைகளைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார் என்று மகளுக்குத் தெரியும். ஜீப்பில் வரும்போது உதடு அசைந்துகொண்டே வந்தது. அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வேன்காரம்மா எழுந்து சாவியை எடுத்தார். "பள்ளிக்கூடம் விடுற நேரம். புள்ளைங்க வெயில்ல நிக்கும். அதுங்களை இறக்கிட்டு வர்றேன்."

"நாங்க வண்டி அனுப்புறோம்மா. மரியாதையோட கொண்டாந்து..."

"உங்க வண்டி வேண்டாம். உங்க வண்டியில போனவன்தான் வரலை. நானே வந்து கூட்டிக்கிறேன்."

சாயங்காலம் அந்த வேன் முகாமுக்குள் வந்தது. பின்சீட்டைக் கழற்றி இடம் பண்ணியிருந்தார். பெட்டியை எடுப்பதற்குமுன் வேன்காரம்மா ஆபீஸ் நடைவழிக்குப் போய்ப் படங்களைப் பார்த்தார். "இதுல யாரு?" என்று கேட்டார். அவள் கட்டினவரைக் காட்டினாள். அவர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. வேன்காரம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கண்ணையும் மூக்கையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல முகமாத்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மிச்சமிருந்த சிப்பாய்கள் இரண்டு வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். வேன் அவர்களுக்கு நடுவில் மெதுவாகப் போயிற்று. வழியில் எங்கேயும் நிற்கவில்லை. வீட்டில் முன்கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. மறுநாள் காலையில் அம்மாவை அடக்கம் பண்ணிய இடத்துக்குப் பக்கத்திலேயே அவனையும் அடக்கம் பண்ணினார்கள்.

அதன்பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. மேலிடம் குதித்தது, விசாரணை வைத்தது, கடைசியில் காதோடு காது வைத்தாற்போல ஓடிப்போனவன் என்ற பழியை நீக்கிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டது. அவளுக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஒப்படைக்கும் நாள்வரைக்கும் ஒவ்வொரு மத்தியானமும் காலியான ஆபீஸில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த வாசலை அவளால் இரண்டு நிமிடத்துக்குமேல் பார்க்க முடிந்ததில்லை.

அப்பாவும் மகளும் நகரத்தில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோயிற்று. வாரத்துக்கு ஒருமுறை அப்பா காலையிலேயே கிளம்பிப் பஸ் ஏறுவார். எங்கே என்று அவள் கேட்கமாட்டாள். வேன்காரம்மா வீட்டுத் தெருமுனையில், ஒரு விளக்குக்கம்பத்தடியில் போய் நிற்பார். மத்தியானம் முழுக்க நிற்பார். பிறகு திரும்பி வருவார். தெருவில் இருப்பவர்கள் முதலில் பயந்தார்கள். யாரு இந்த ஆளு, பேசவும் மாட்டேங்கிறான், போகவும் மாட்டேங்கிறான் என்று வேன்காரம்மாவிடம் கேட்டார்கள். "நிக்கட்டும், விடுங்க," என்றாராம் அவர். உள்ளே கூப்பிட்டதும் இல்லை, விரட்டியதும் இல்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒருநாள் அவர் நனைந்துகொண்டு நின்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த வேன் அவரைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, பின்னோக்கி வந்தது. கதவு திறந்தது. அவர் தயங்கித் தயங்கி ஏறினார். உள்ளே பிள்ளைகளின் கூச்சல் சட்டென்று அடங்கியது. ஒரு சிறுமி பையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க எந்த கிளாஸ்?" என்று கேட்டாள்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். முன்சீட்டில் இருந்தவர் திரும்பவில்லை. வண்டி, பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிக்கொண்டு போயிற்று. கடைசிப் பிள்ளையும் இறங்கியபிறகு அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். கண்ணாடியில் மழை அடித்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் வேன்காரம்மா வண்டியை நிறுத்தினார்.

"இறங்குங்க," என்றார். "படி வழுக்கும், பாத்து."